நாயை வெட்டாம படிச்ச டாக்டரை நம்பலாமா?

மண்டபத்துல ஐஸ் கம்பெனி வச்சிருக்கிற ஒரு தம்பி கேட்டது இது: "அண்ணே, என் மக எம்பிபிஎஸ் ரெண்டாவது வருசம் படிக்கிறா. தவளை, நாய் எதையும் தொடுறதே இல்லையாம், எல்லாம் கம்ப்யூட்டரும் ரப்பர் பொம்மையுமாம். கடலுக்கே போகாம தொட்டித் தண்ணில நீச்சல் பழகுன கதைங்கிறாரு எங்க அய்யா. உசுருள்ள உடம்புல கை வைக்காம படிச்ச புள்ள நாளைக்கு ஒரு மனுசன் உடம்புல எப்படிக் கை வைக்கும்? அந்தக் காலத்து டாக்டருங்க மாதிரி வருவாளா?"

தம்பி, நீங்க சொல்ற அந்தக் காலத்து டாக்டர்ல நானும் ஒருத்தன். 1983 பேட்ச். சொந்த ஊரு தங்கச்சிமடம், படிச்சது வெளியூரு, காலேஜ் பேரு இங்க வேணாம். அப்புறம் இருபது வருசத்துக்கு மேல பார்மகாலஜி, அதாவது மருந்தியல் பாடம் எடுத்திருக்கேன், நாயை வச்சும் எடுத்திருக்கேன், கம்ப்யூட்டரை வச்சும் எடுத்திருக்கேன். ரெண்டையும் பார்த்தவன்ங்கிறதால கொஞ்சம் நீளமாவே சொல்றேன். அய்யா சொன்ன தொட்டித் தண்ணி பேச்சுல பாதி நியாயம் இருக்கு, அதுக்குக் கடைசியா வர்றேன்.

முதல்ல, நாங்க நாயை வச்சு என்னத்தைக் கத்துக்கிட்டோம்னு பார்ப்போம். ஒரு பேட்ச்சுக்கு இருபத்தஞ்சு பேரு, ஒரே ஒரு நாய். தெருவுல புடிச்சுட்டு வந்த நாய்தான். அதுக்கு மயக்க மருந்து கொடுத்து மேசையில நாலு காலையும் கட்டி, கழுத்தை அறுத்து கரோட்டிட் ரத்தக்குழாய்ல ஒரு கண்ணாடிக் குழாயைச் செருகி, அதை ரத்தத்தோட பிரஷரை அளக்கிற பாதரச மானோமீட்டர்ல மாட்டுவாங்க. இதையெல்லாம் செய்யுறது யாரு? நாங்க இல்ல, புரொபசரும் ரொம்ப வருசமா அங்கயே இருந்த லேப் அட்டெண்டர் ஒருத்தரும். அட்டெண்டரு கைதான் எங்க எல்லாரு கையையும் விட சுத்தமா வேலை செய்யும். பாதரசத்து மேல மிதக்குற எழுதுகோல், சுத்திக்கிட்டே இருக்கிற ஒரு உருளை மேல கோடு போடும், அதுக்குப் பேரு கைமோகிராஃப். உருளையில சுத்துன பளபள பேப்பர்ல முதல்லயே புகையைக் காட்டிக் கரி ஏத்தி வச்சிருப்போம். கரி மேல முனை ஓடும்போது வெள்ளைக் கோடா விழும். தெரியாம விரல் பட்டுச்சுன்னா போச்சு, அம்புட்டும் பாழ். முடிஞ்சதும் பேப்பரை அலுங்காம கழட்டி வார்னிஷ்ல முக்கிக் காய வைக்கணும். எங்க மூக்கு, காது, சட்டைக் காலர்னு எல்லாம் கரி. ஹாஸ்டல் மெஸ்ஸுக்குப் போனா அன்னைக்கு எங்க பேட்ச்னு பார்த்ததும் தெரிஞ்சிரும்.

அப்புறம் மருந்து. அட்ரினலின் போட்டா கோடு சர்ருன்னு மேல ஏறும், அசிட்டைல்கோலின் போட்டா பொதுக்குன்னு கீழ விழும், நடுவுல ஆல்ஃபா பிளாக்கர்னு அட்ரினலின் வேலையில ஒரு பாதியைத் தடுக்கிற மருந்து ஒண்ணைக் கொடுத்துட்டு முன்ன போட்ட அதே அட்ரினலினைத் திரும்பப் போட்டா ஏற வேண்டிய பிரஷர் இறங்கும். பார்க்க ஆச்சரியமாத்தான் இருக்கும், இல்லைங்கல. ஆனா இதை ஹென்றி டேல் 1906-லயே பார்த்து எழுதி வச்சாச்சு, பாடப் புத்தகத்துலயும் படத்தோட இருக்கு. நாங்க 1985-ல ஒரு நாயைக் கொன்னு அதையே மறுபடி பார்த்தோம். அடுத்த பேட்ச் அடுத்த நாயை வச்சுப் பார்த்துச்சு. சோதனைங்கிறது விடை தெரியாத கேள்விக்குத்தானே, விடை தெரிஞ்ச கேள்விக்கு உசுரு எதுக்குன்னு கேட்க அன்னைக்கு எங்களுக்குத் தோணலை, தோணியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டோம், இன்டர்னல் மார்க் அவங்க கையில இருக்குல்ல.

நான் நின்னது மூணாவது வரிசை. முன்னாடி நின்னவன் தோளுக்கு மேல எட்டிப் பார்த்ததுதான் என் அனுபவம். முடிஞ்சதும் நாயை எழுப்புறதில்ல, மயக்கத்துலயே முடிச்சிருவாங்க. அந்தக் கரிப் பேப்பரைத் துண்டு துண்டா வெட்டி ஆளுக்கு ஒரு சாண் கொடுப்பாங்க, ரெக்கார்டு நோட்டுல ஒட்டி அம்புக்குறி போட்டு எந்த மருந்து எத்தனை மைக்ரோகிராம்னு எழுதிக் கையெழுத்து வாங்கணும். அந்த நோட்டு இன்னும் எங்க வீட்டுப் பரண்ல கிடக்கு.

தவளையாவது எங்க கைக்கு வந்துச்சு. சாக்குல வரும், அதைப் புடிச்சு, தலைக்குப் பின்னாடி குழியில ஊசியை இறக்கி மூளையையும் தண்டுவடத்தையும் கலைச்சு விடணும், பித்திங்னு பேரு. அதுக்கப்புறம் காலுச் சதையையும் நரம்பையும் பிரிச்செடுத்து கரண்ட் ஷாக் கொடுத்துப் பார்க்கிறது, இதயத்தைத் தனியா எடுத்து ரிங்கர் திரவம் ஓட விட்டு அது துடிக்கிறதப் பதியிறது. ஒழுங்கா பித்திங் பண்ண கை பழகுறதுக்குள்ள ஒவ்வொருத்தனும் ரெண்டு மூணு தவளையைச் சித்திரவதை பண்ணியிருப்பான். சரி, அந்தத் திறமையை நான் எந்த நோயாளிகிட்ட காட்டினேன்? ஒருத்தர்கிட்டயும் இல்ல. தவளைக்கு இதயத்துல மூணு அறை, நமக்கு நாலு.

இப்ப நான் ஹவுஸ் சர்ஜன் முடிச்ச புதுசுல நடந்ததச் சொல்லணும், இதை எழுதக் கையே வரல, ஆனாலும் சொல்றேன். நம்ம கடலோரத்துல ஒரு ஆஸ்பத்திரியில ராத்திரி டியூட்டி. விடியக்காலம் ஒரு பையனைத் தூக்கிட்டு வந்தாங்க, பதினஞ்சு பதினாறு வயசு இருக்கும், வள்ளத்துல இருந்து தவறித் தண்ணில விழுந்தவன். கரையிலயே அவனைக் காலைப் புடிச்சுத் தலைகீழாத் தூக்கிச் சுத்தியிருக்காங்க, வயித்தை அமுக்கித் தண்ணி எடுத்திருக்காங்க, நம்ம ஊர்ல அன்னைக்கு எல்லாரும் அதைத்தான் செய்வாங்க. மூச்சு இல்ல. நான் போய் நெஞ்சுல கை வச்சேன். எங்க வைக்கணும்னு புத்தகத்துல படிச்சிருக்கேன், பரிட்சையில படம் போட்டு மார்க்கு வாங்கியிருக்கேன், ஆனா கைக்குத் தெரியல தம்பி. எம்புட்டு ஆழம், எம்புட்டு வேகம், விலா எலும்பு ஒடஞ்சிருமோன்னு பயந்து மெதுவா மெதுவா அமுக்குறேன். வயசான ஒரு நர்ஸம்மா என் கையைத் தட்டி விட்டுட்டு அவங்க செஞ்சாங்க. பையன் பிழைக்கல. நான் சரியாச் செஞ்சிருந்தா பிழைச்சிருப்பானான்னு சொல்ல முடியாது, ரொம்ப நேரம் ஆயிருந்துச்சு. ஆனா நாய்க்கு அட்ரினலின் போட்டா பிரஷர் ஏறும்னு கண்ணால பார்த்த எனக்கு, மூச்சு நின்ன மனுசன் நெஞ்சை ஒரு தடவைகூட அமுக்கிப் பழக்கம் இல்ல. அஞ்சரை வருசப் படிப்புல அதுக்கு ஒரு பொம்மை யாரும் என் முன்னாடி வைக்கல.

அப்ப அந்தப் பொம்மையே உலகத்துல இல்லையான்னா, இருந்துச்சு. 1960-லயே வந்தாச்சு. நார்வே நாட்டுல ஆஸ்மண்ட் லேர்டால்னு ஒரு விளையாட்டுச் சாமான் வியாபாரி, மெத்து மெத்துன்னு பிளாஸ்டிக் பொம்மை செய்யுறவரு. அவரோட சின்ன மகனே ஒரு தடவை தண்ணில மூழ்கி, இவரு ஓடிப் போய்த் தூக்கி உசுர மீட்டிருக்காரு. அப்புறம் டாக்டருங்க வாயோட வாய் வச்சு மூச்சு கொடுக்கிற முறையை எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்க ஒரு பொம்மை வேணும்னு வந்து கேட்டப்ப அவரு செஞ்சதுதான் ரெசஸி ஆன். அந்தப் பொம்மை முகம் பாரிஸ்ல செய்ன் ஆத்துல எடுத்ததாச் சொல்ற, பேர் தெரியாத ஒரு பொண்ணோட முக அச்சு. ஆக மூழ்குன புள்ளைக்காகவும் மூழ்குன பொண்ணு முகத்தோடயும் பொறந்த பொம்மை, நம்ம பாம்பன், தனுஷ்கோடி மாதிரி ஊருக்குத்தான் முதல்ல வந்திருக்கணும். வந்து சேர எத்தனை வருசம் ஆச்சு பாருங்க.

அந்தப் பொம்மைக்குள்ள பெரிய மாயம் ஒண்ணுமில்ல. நெஞ்சுக்குள்ள ஒரு ஸ்பிரிங், சரியான ஆழத்துக்கு அமுக்குனா டக்குன்னு சத்தம் வரும். பெரியவங்களுக்கு அஞ்சு சென்டிமீட்டருக்குக் கொறையாம, ஆறுக்கு மேல போகாம, நிமிசத்துக்கு 100-ல இருந்து 120 தடவை. தலையைப் பின்னாடி சாய்ச்சு தாடையைத் தூக்கி விட்டாத்தான் கழுத்துக்குள்ள காத்துப் போற வழி திறக்கும், இல்லாட்டி நீங்க எம்புட்டு ஊதினாலும் நெஞ்சு எழும்பாது. மனுசனுக்கும் அப்படித்தான். இதை வாயால நூறு தடவை சொல்லுங்க ஏறாது. ஊதி ஊதி நெஞ்சு எழும்பாம முழிச்சு, அப்புறம் தலையைச் சாய்ச்சதும் பொசுக்குன்னு எழும்புது பாருங்க, அந்த ஒரு நொடில கைக்குப் புரிஞ்சிரும். மயங்கிக் கிடக்கிற நாய் இதைச் சொல்லிக் கொடுக்காது. (சந்தடி சாக்குல இதையும் சொல்லிர்றேன், நம்ம கடற்கரை ஆளுங்க படிச்சா மனசுல வைங்க: மூழ்குனவங்களுக்கு வயித்தை அமுக்காதீங்க, தலைகீழாச் சுத்தாதீங்க. மூச்சு இல்லைன்னா முதல்ல மூச்சு கொடுத்துட்டு நெஞ்சை அமுக்க ஆரம்பிங்க, அமுக்குறது 30 ஊதுறது 2, ஒருத்தரு 108-க்குப் போன் போடுங்க.)

உசுரில்லாத பொருள்ல பழகுறது என்னமோ வெள்ளைக்காரன் புதுசாக் கொண்டு வந்ததுன்னு நினைக்காதீங்க. சுசுருத சம்ஹிதையில சூத்திரஸ்தானம் 9-வது அத்தியாயமே இதுக்குத்தான். சாஸ்திரம் எல்லாம் படிச்சவனா இருந்தாலும் கைப்பழக்கம் இல்லாதவன் வேலைக்கு ஆக மாட்டான்னு ஆரம்பிச்சு, எதை எதுல பழகணும்னு வரிசையாச் சொல்லுது. கத்தி போடப் பழகணுமா, பூசணிக்காய், சுரைக்காய், வெள்ளரிக்காய். ரத்தக்குழாயைக் குத்தப் பழகத் தாமரைத் தண்டு, செத்த மிருகத்தோட நரம்பு. புண்ணுக்குள்ள கம்பி விட்டுத் துழாவப் பூச்சி அரிச்ச மரமும் மூங்கிலும். தையல் போடக் கெட்டித் துணியோட ஓரம், மெல்லிசுத் தோலு. கட்டுப் போட்டுப் பழகத் துணியில செஞ்ச ஆள் பொம்மை. உங்க மக காலேஜ்ல கைப்பழக்கத்துக்குன்னு இருக்கிற ஸ்கில் லேப்ல இன்னைக்கு என்னென்ன இருக்குன்னு கேட்டுப் பாருங்க, மரமும் சுரைக்காயும் போய் சிலிக்கான் வந்திருக்கு, அம்புட்டுதான்.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் சொல்லிர்றேன். 1960-ல வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம். அது வர முக்கியக் காரணம் நம்ம மதுரையில பொறந்த ருக்மிணி தேவி அருண்டேல், கலாக்ஷேத்திரா ஆரம்பிச்ச அந்த அம்மாதான், ராஜ்யசபாவுல தனி மசோதா கொண்டு வந்து விடாம நின்னாங்க. சட்டத்தோட 17-வது பிரிவுலயே இருக்கு: மருத்துவக் கல்லூரி மாதிரி இடத்துல புத்தகம், மாடல், படம் இதுகளை வச்சே சொல்லிக் கொடுக்க முடியும்னா மிருகத்தை வச்சுச் செய்யாதே, வெறும் கைப்பழக்கத்துக்காக முடிஞ்ச வரைக்கும் மிருகத்துல செய்யாதேன்னு. 1960-ல எழுதி வச்சது தம்பி! நாங்க 1985-ல நாயை அறுத்துக்கிட்டு இருந்தோம். ஏட்டுல இருந்து மேசைக்கு வர அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு. 2014-லதான் மெடிக்கல் கவுன்சில் விதியை மாத்தி, எம்பிபிஎஸ் பிசியாலஜி, பார்மகாலஜிக்கு மிருகத்துக்குப் பதிலா கம்ப்யூட்டர் வழியாச் செய்னு சொன்னுச்சு, அதே வருசம் யூஜிசி காலேஜ் ஜுவாலஜிலயும் அறுக்கிறதை நிறுத்தச் சொன்னுச்சு. 2019-ல வந்த புது எம்பிபிஎஸ் பாடத்திட்டத்துல மருந்துக்குப் பிரஷர் எப்படி மாறுதுன்னு கம்ப்யூட்டர்ல காட்டணும், ஊசி போடுறதை மேனிக்கின்ல, அதாவது ஆள் பொம்மைல செஞ்சு பழகணும்னு பேர் சொல்லியே போட்டிருக்கு. நம்ம ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல மத்த பத்து காலேஜோட சேர்ந்து திறந்துச்சு, இந்த விதியெல்லாம் வந்ததுக்கப்புறம் பொறந்த காலேஜ் அது.

வெளிநாட்டுலயும் சும்மா விட்டுறல. அடிபட்டு வர்றவங்களைக் காப்பாத்துற ஏடிஎல்எஸ் பயிற்சியில நெஞ்சுக்குக் குழாய் போட, தொண்டையில ஓட்டை போட்டு மூச்சுக்கு வழி பண்ண நாய், ஆடு, பன்னினு வச்சுத்தான் பழகுனாங்க, 2001-ல டிராமாமேன்ங்கிற பொம்மையையும் வச்சுக்கலாம்னு அமெரிக்க சர்ஜன்கள் காலேஜ்ங்கிற சங்கம் ஒத்துக்கிச்சு. அங்க எம்பிபிஎஸ் மாதிரிப் படிப்புல கடைசியா மிருகம் வச்சிருந்த ரெண்டு காலேஜும் 2016-ல நிறுத்திருச்சு, அதுல ஒண்ணு ஜான்ஸ் ஹாப்கின்ஸ். அவங்க டாக்டருங்க கெட்டுப் போனதா நான் கேள்விப்படல.

ஜிப்மர்ல, பாண்டிச்சேரில, பார்மகாலஜி துறையில உருவாக்குன எக்ஸ்ஃபார்ம்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு, உங்க மகளுக்குத் தெரிஞ்சிருக்கும். முயல் கண்ணு, தவளை இதயம், கினியா பன்னிக் குடலு, நாயோட பிரஷர் எல்லாம் அதுல இருக்கு. மருந்தைத் தேர்ந்தெடுத்து அமுக்குனா கோடு ஏறும், இறங்கும். பேர் சொல்லாத மருந்து ஒண்ணைக் கொடுத்து இது என்னன்னு நீயே கண்டுபுடின்னும் கேட்கும். நான் முதல் தடவை பாடத்துக்கு அதைப் போட்டப்ப எனக்கே அய்யா மாதிரிதான் ஒரு இளக்காரம், இதென்ன வீடியோ கேமான்னு. வகுப்பு முடிஞ்சப்பதான் ஒண்ணு உறைச்சுச்சு. பின்வரிசைப் பொண்ணு ஒருத்தி, எப்பவும் வாயே திறக்காதவ, பிளாக்கரை முன்ன போட்டா என்ன ஆகும், பின்ன போட்டா என்ன ஆகும், டோஸைக் கூட்டுனா என்ன ஆகும்னு பதினேழு தடவை போட்டுப் பார்த்திருக்கா. பதினேழு! எங்க காலத்துல ஒரு தடவை, அதுவும் அடுத்தவன் தோளுக்கு மேல.

இங்க ஒரு விசயம் ஒத்துக்கணும். கம்ப்யூட்டர் காட்டுற கோடு வானத்துல இருந்து விழல. ஏதோ ஒரு நாய், ஏதோ ஒரு தவளை ஒரு காலத்துல கொடுத்த கோடுதான் அது. நம்ம பாம்பன்ல வலையில வருதே ஊசிக்கணவாய், அந்த இனத்து உடம்புல ஒரு நரம்பு இருக்கு, ஒரு மில்லிமீட்டர் பருமன் வரைக்கும் வரும், கண்ணுக்கே தெரியும். நம்ம நரம்பு இழையெல்லாம் அதுல நூத்துல ஒரு பங்கு. அந்தக் கணவாய் நரம்புக்குள்ள கம்பி விட்டு மின்சாரம் எப்படி ஓடுதுன்னு அளந்து ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லின்னு ரெண்டு பேரு 1952-ல கணக்கா எழுதுனாங்க, 1963-ல நோபல் பரிசு. இன்னைக்கு நரம்பு எப்படி வேலை செய்யுதுன்னு கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டுறாங்கல்ல, அதுக்கு அடியில கிடக்கிறது அந்தக் கணவாய்க் கணக்குதான். அது தெரியாத கேள்விக்குத் தேடுன விடை, அதுக்கு உசுரு போனதுல ஒரு பொருள் இருக்குன்னு நான் நினைக்கிறேன், ஒத்துக்காதவங்களும் உண்டு. ஆனா அதே விடையை வருசா வருசம் ஒவ்வொரு ஊர்லயும் புதுசா ஒரு உசுர எடுத்துச் சரிபார்க்க என்ன அவசியம்? ஆராய்ச்சி வேற, பாடம் வேற, இந்த ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்கிட்டுத்தான் பாதிப் பேர் சண்டை போடுறாங்க. ஆராய்ச்சிலயும் இப்ப காத்து மாறுது, 2023-ல நம்ம மருந்து விதியைத் திருத்தி, மனுச செல்லு, அந்தச் செல்லை வச்சுச் செஞ்ச சிப்பு மாதிரி வழியில செஞ்ச சோதனையையும் ஏத்துக்கலாம்னு கொண்டு வந்திருக்காங்க, அது தனிக் கதை.

பொம்மைலயும் கம்ப்யூட்டர்லயும் பழகுனது நிசமான ஆபரேஷன்ல உதவுதான்னு அளந்தும் பார்த்திருக்காங்க. யேல் பல்கலைக்கழகத்துல 2002-ல பித்தப்பையை லேப்ராஸ்கோப்பில எடுக்கப் பழகுற 16 பேர ரெண்டாப் பிரிச்சு, ஒரு பாதிக்கு மட்டும் கம்ப்யூட்டர் சிமுலேட்டர் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்து, அப்புறம் எல்லாரையும் நிசமான நோயாளிகிட்ட சீனியர் முன்னாடி செய்ய விட்டாங்க. சிமுலேட்டர்ல பழகுனவங்க 29 சதவீதம் வேகம். பழகாதவங்க பித்தப்பையைக் கிழிக்கிறது, வேற இடத்தைச் சுட்டுப் பொசுக்குறது அஞ்சு மடங்கு கூட. சின்ன ஆய்வுதான், 16 பேர்தான், ஆனா எப்படி அளந்தாங்கங்கிறது எனக்குப் புடிக்கும், மார்க்கு பேப்பரை வச்சு அளக்கல, கை செஞ்ச தப்பை எண்ணியிருக்காங்க.

பொம்மையால ஆகாதது என்ன? ரத்தம். ரத்தம் பீச்சி அடிக்கும்போது பதறாம இருக்கிறதை எந்தச் சிலிக்கானும் முழுசாச் சொல்லித் தராது. சதையோட இழுவை, கொழுப்பு வழுக்குறது, சவ்வை விலக்கும்போது விரல் நுனிக்குத் தெரியிற அந்த மெத்துனு ஒரு உணர்வு, இதுவும் வராது. அதுக்கு மனுச உடம்புதான், மொதல் வருசம் உடல்தானமா வந்த உடம்பு, பிறகு தியேட்டர்ல சீனியர் கூட நின்னு கொக்கியைப் புடிச்சு, தையல் மட்டும் போட்டு, அப்புறம் வெட்டி, படிப்படியா. நடுவுல கசாப்புக்கடையும் இருக்கு! கண் டாக்டருங்க ஆட்டுக் கண்ணுல பழகுறது ரொம்ப நாளா உள்ளது. நானும் ஞாயித்துக்கிழமை கீழக்கரை ரோட்டுல ஒரு பாய் கடையில ஆட்டுக் குரல்வளையை முழுசா வெட்டாமக் கொடுங்கன்னு வாங்குவேன், பசங்களுக்குத் தொண்டையில ஓட்டை போட்டுக் குழாய் வைக்கச் சொல்லிக் கொடுக்க. மூணு வாரம் தொடர்ந்து ஆறு ஏழுன்னு வாங்கவும் அவரு கேட்டாரு, "என்ன டாக்டர், வீட்டுல யாருக்கும் சளியா, சூப்பு வைக்கிறீங்களா?" எதுக்குன்னு சொன்னப்புறம் காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. குருத்தெலும்பு வளையத்துக்கு நடுவுல கத்தி இறங்கும்போது ஒரு சின்ன நறுக்கு வரும், அது கைக்குத் தெரியணும், அதுக்கு ஆட்டை நம்ம கொல்ல வேண்டியதில்ல, அது பிரியாணிக்குப் போன ஆடு.

விலை குறைஞ்ச பொம்மைங்கதான் சில நேரம் பெரிய வேலை செய்யும். பொறந்ததும் அழாத குழந்தைக்கு மூச்சு கொடுக்கப் பழக நியோநேட்டலினு ஒரு பொம்மை இருக்கு, மடிச்சுப் பையில போட்டுக்கலாம். வெதுவெதுன்னு தண்ணியை ஊத்தி நிரப்புனா பச்சைக் குழந்தை கனம் வந்திரும், கழுத்து தொங்கும், கையில வாங்குனதும் எல்லாரும் தன்னால தலையைத் தாங்கிப் புடிப்பாங்க. தொப்புள்கொடி துடிப்பைக்கூட ஒரு ரப்பர் உருண்டையை அமுக்கிக் காட்டலாம். அழாத குழந்தைக்கு அறுபது நொடிக்குள்ள மாஸ்க்கு வச்சு மூச்சு போகணும். கிராம நர்ஸுங்களுக்கு இதை வச்சுப் பயிற்சி எடுத்திருக்கேன், பன்னெண்டு வருசம் பிரசவம் பார்த்த ஒரு அம்மா அதைக் கையில வாங்கிட்டுக் கொஞ்ச நேரம் பேசாம நின்னாங்க. என்னம்மான்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல சார், ஒரு புள்ள ஞாபகம்"னாங்க, அதுக்கு மேல நான் கேட்கல. முன்ன சில நாடுகள்ல இதே மாதிரிக் குழந்தைத் தொண்டையில குழாய் போடப் பழக பூனையை மயக்கி அது தொண்டையில திரும்பத் திரும்பக் குழாயை விட்டாங்க, பூனைத் தொண்டை வேற, புள்ளைத் தொண்டை வேற.

சரி, இப்ப அய்யாவோட தொட்டித் தண்ணிக்கு வருவோம். அய்யாகிட்ட நான் கேட்டேன்னு கேளுங்க, நம்ம ராமேஸ்வரம் தீவுல புள்ளைங்க எந்தக் கடல்ல நீச்சல் பழகுது? தெக்க அலை சீறுற ஆண் கடலா, வடக்க அமைதியா இருக்கிற பெண் கடலா? எல்லாரும் பெண் கடல் பக்கம், இடுப்பளவுத் தண்ணில, அப்பனோ மாமனோ பக்கத்துல நிக்கப் பழகுனவங்கதானே. கச்சான் காத்து அடிக்கிற நாள்ல மொதல் பாடத்துக்கே ஆண் கடல்ல தள்ளி விட்டா அது பாடமில்ல. ஸ்கில் லேப் அந்தப் பெண் கடல்தான். அங்க தப்புப் பண்ணலாம், முழுங்குன தண்ணியைத் துப்பிட்டு எந்திரிச்சு மறுபடி இறங்கலாம், ஒருத்தருக்கும் உசுரு போகாது. எங்களை விட உங்க மக பத்து மடங்கு தடவை தப்புப் பண்ணிட்டுத்தான் நோயாளிகிட்ட வரும், அதை நெனச்சு எனக்கு நிம்மதிதான்.

ஆனா கடல்ல இறங்கணும்ல? அய்யா சொன்னதுல நியாயம் இருக்குற பாதி இதுதான். ஒரு காலேஜுக்கு, பேரு வேணாம், பரிட்சை எடுக்கப் போயிருந்தப்ப ஸ்கில் லேப்பைப் பார்க்கணும்னேன். சாவியத் தேடவே அரை மணி நேரம். உள்ள போனா ஏசி ரூம்ல பல லட்சம் போட்டு வாங்குன பெரிய மேனிக்கின், கண்ணு சிமிட்டும், மூச்சு விடும், நாடி துடிக்கும்னு கேட்லாக்ல போட்டிருக்கு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமப் படுத்திருக்கு. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு மட்டும் திறப்பாங்களாம். பேட்டரி மூடியைத் திறந்து பார்த்தேன், பச்சையாக் களிம்பு பூத்திருக்கு. கடலோரம் உப்புக் காத்து சும்மா விடுமா, சைக்கிள் செயினையே ரெண்டு மாசத்துல தின்னுரும். பக்கத்துல ஊசி போடப் பழகுற ரப்பர் கை ஒண்ணு, தோலு பிசுபிசுன்னு ஒட்டுது, அதுலயும் ஒரு ஊசித் தழும்புகூட இல்ல. நல்லா ஓடுற லேப்ல அந்தக் கை சல்லடை மாதிரி இருக்கணும், சிவப்புத் தண்ணி எல்லா ஓட்டையிலயும் ஒழுகணும், வருசத்துக்கு ரெண்டு தோலு மாத்தணும். மிருகத்தை நிறுத்திட்டு பொம்மையையும் பூட்டி வச்சா, அந்தப் புள்ளைங்களுக்கு எங்களுக்குக் கிடைச்ச அந்த மூணாவது வரிசைகூடக் கிடையாது.

அதனால நீங்க மகள்கிட்ட கேட்க வேண்டியது தவளையைப் பத்தி இல்ல. ஸ்கில் லேப் வாரத்துல எத்தனை மணி நேரம் திறந்திருக்கு, வகுப்பு இல்லாத நேரம் தனியாப் போய்ப் பழக விடுறாங்களா, சாவி யார்கிட்ட இருக்குன்னு கேளுங்க. செஞ்சு முடிச்சதும் என்ன தப்பு நடந்துச்சுன்னு உக்கார்ந்து பேச ஒரு ஆள் இருக்காரான்னு கேளுங்க, இது ரொம்ப முக்கியம், பேசாம விட்டா தப்பே பழக்கமாகிப் போயிரும். சாவியைப் பூட்டி வச்சிருந்தா அவ கிளாஸ்ல நாலு பேரு சேர்ந்து எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க, இப்ப விதி அவங்க பக்கம் இருக்கு.

வீட்டுலயும் பழகலாம். நீடில் ஹோல்டர், ஃபோர்செப்ஸ் ஒண்ணு ஒண்ணு வாங்கிக் கொடுங்க, பெரிய செலவில்ல. ஸ்பான்ஜ் மேல ரெக்ஸினை ஒட்டி அதுல கீறித் தையல் போடலாம், வாழைப்பழத் தோல்ல போட்டா இன்னும் நல்லது, இழுத்தா கிழிஞ்சிரும், கையை லேசா வைக்கப் பழகும். நூலுக்குத் தூண்டில் நரம்புல மெல்லிசா ஒண்ணு போதும், ஆஸ்பத்திரியில தோலுக்குப் போடுறதும் நைலான்தானே. முடிச்சு போட அய்யாவையே உக்காரச் சொல்லுங்க, வலை பொத்துன கை அவருக்கு, நனைஞ்ச நைலான்ல முடிச்சு நழுவாம எப்படி இறுக்கணும்னு பல சர்ஜனை விட அவருக்கு நல்லாத் தெரியும்.

லீவுக்கு வந்தா தங்கச்சிமடத்துக்கும் அனுப்பி விடுங்க. மாசத்துல ரெண்டாவது ஞாயிறு, காலையில பத்து மணிக்கு, படகுக்காரப் பசங்களுக்கு நெஞ்சு அமுக்குறது சொல்லித் தர்றோம். எங்ககிட்ட இருக்கிறதே ரெண்டு பொம்மை, அதுல ஒண்ணுக்கு ஸ்பிரிங் துருப்புடிச்சுச் சத்தம் வர்றதில்ல, அதனால ஒரு ஆள் பக்கத்துல உக்கார்ந்து ஆழத்தைக் கண்ணால பார்த்துச் சொல்லணும். அந்த வேலைக்கு ஆளு தேவைப்படுது.